படி ஏறுவீங்களா

அது இல்ல டாக்டரம்மா, அது மொத டாக்டரு எழுதின ரிப்போர்ட்டு. நீலக் கவருக்குள்ள பாருங்க, அதுதான் ஆபரேஷனுக்கு அப்புறம் எடுத்த படம். ஆமா, கம்பி மாதிரி தெரியுதே, அது நிஜமாவே கம்பிதான். ரெண்டு திருகாணியும் இருக்கு. மழை வரப்போகுதுன்னா ரேடியோவுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடும்.

ஃபைலை இவ்வளவு ஒழுங்கா அடுக்கினது நான் இல்லீங்க, என் வீட்டுக்காரி. எனக்குப் பேப்பர்னாலே ஆகாது. நஷ்டஈட்டுக்கு இந்த அப்பீலைப் போட வச்சதே அவதான். இல்ல, அவ வரல. பொண்ணு வந்திருக்கா, வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா.

எப்படி அடிபட்டுச்சா? ரொட்டி ஃபேக்டரிங்க, மாவு குடோன். லாரியிலேர்ந்து மூட்டை இறக்கி உள்ள கொண்டு போறது என் வேலை. இருபத்திரெண்டு வருஷம். லாரிக்கும் குடோன் வாசலுக்கும் நடுவுல ஒரு பலகை போட்டிருப்பாங்க. அது விரிசல் விட்டிருக்குன்னு சூப்பர்வைசர்கிட்ட மூணு தடவை சொன்னேன். பாத்துக்கலாம்யான்னாரு. அவரு பாக்கிறதுக்குள்ள அது படார்னு முறிஞ்சுடுச்சு. கால் அந்தச் சந்துல மாட்டிக்கிச்சு, தோள்ல இருந்த மூட்டை மேல விழுந்துச்சு. முட்டி பக்கவாட்டுல மடங்கிடுச்சும்மா. முட்டி அந்தப் பக்கமெல்லாம் மடங்கும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

கம்பெனி என்ன எழுதிச்சு தெரியுமா? தொழிலாளி அவசரப்பட்டு ஓடினார்னு. அம்பது கிலோவைத் தோள்ல வச்சுக்கிட்டு எவனாவது ஓடுவானா? மொத டாக்டரு, நல்ல மனுஷன்தான், ஏதோ அவசரத்துல இருந்தாரு. தலையை நிமிர்த்தவே இல்ல. நடக்க முடியும், படி ஏற முடியும், லேசான வேலை பாக்கலாம்னு எழுதிட்டாரு. அதைப் படிச்சுட்டு என் வீட்டுக்காரிக்கு வந்துச்சே ஒரு கோவம்! அந்த ஆளு உங்களை நாலு எட்டு நடக்கச் சொல்லியாவது பாத்தானான்னு கேட்டா. மறுநாளே அப்பீல் பாரத்தோட வந்து நின்னா.

பயிற்சியா? செஞ்சேனே. காலையில எழுந்ததும் ஹாலுக்குள்ளயே பத்து சுத்து நடக்க விடுவா. நான் எட்டுல ஏமாத்திட்டு உக்காந்துடுவேன். அடுப்படியிலேர்ந்தே குரல் வரும், இன்னும் ரெண்டு இருக்குன்னு. கண்ணு முதுகுல இருந்துச்சோ என்னவோ அவளுக்கு.

ஆமா, பூட்டிக்கும். எப்பன்னு சொல்ல முடியாது. டக்குனு முட்டி அப்படியே நின்னுடும், நீட்டவும் வராது, மடக்கவும் வராது. உயிர் போற வலி. அதுவா விட்டாத்தான் உண்டு.

படியா...

அந்தக் கேள்வியை விட்டுட்டு அடுத்ததுக்குப் போக முடியாதா? இல்லம்மா, புரியாம இல்ல. சரி. அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திடுங்க. பொண்ணு காதுல விழ வேணாம்.

எங்க வீட்டு மாடிக்குப் பதினேழு படி. மூணு மாசம் முன்னாடி, காலையில என் வீட்டுக்காரி துணி காயப்போட மேல போனா. என்னங்கன்னு ஒரு சத்தம். எப்பவும் கூப்பிடுற மாதிரி இல்ல. கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு வேகமா ஏறினேன். ஒன்பதாவது படியில பூட்டிக்கிச்சு. கத்தினேன், அக்கம்பக்கத்துல எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க. போன் கீழ கட்டில்ல கிடக்கு. அப்புறம் திரும்பி உக்காந்து, கையை ஊணி, பின்பக்கமாவே ஒவ்வொரு படியா ஏறினேன். நான் போறப்போ கொடியில போட்டிருந்த ரெண்டு துணியும் காஞ்சிருந்துச்சு. மிச்சம் வாளியிலேயே இருந்துச்சு.

நெஞ்சுன்னாங்க ஆஸ்பத்திரியில. கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாமேன்னாங்க. நான் கடைக்குப் போயிருந்தேன்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். படியில உக்காந்திருந்தேன்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா.

அவ மூணு தடவை கூப்பிட்டா. இதோ வந்துட்டேன், வந்துட்டேன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்.

ஏறுவாருன்னே எழுதிக்குங்க. ஏறினேனே. என்ன, அவ கூப்பிடுறது நின்னு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் போய்ச் சேர்ந்தேன்.