செவிலியர் அருள்மொழி என்னிடம் கேட்டது

மேடையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் சின்னக்கண்ணு அவர்களே, செவிலியர் சங்கத்திலிருந்து வந்திருக்கும் சகோதரிகளே, காட்டு வேலையை விட்டுவிட்டு வெள்ளிமலைக்கு நடந்தும் ஜீப் ஏறியும் வந்திருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே! எல்லோருக்கும் முன்னால், முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் கொளஞ்சியப்பன் அவர்களே, தைலம்மாள் அவர்களே. பெற்ற மகள் அருள்மொழியைப் பறிகொடுத்துவிட்டு, கருணாபுரத்திலிருந்து மலையேறி வந்திருக்கிறீர்கள். உங்கள் இருவருக்கும் முதலில் தலை வணங்குகிறேன்.

என் பெயர் பகலவன். கள்ளக்குறிச்சியில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். ஆறு ஆண்டுகளாக மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இந்தக் கூடத்தில்தான் முகாம் நடக்கிறது. அதை நடத்தியவர் டாக்டர் பகலவன் என்று இன்றைய நோட்டீசில் போட்டிருக்கிறீர்கள். அது தவறு. நான் மாதம் ஒரு நாள் காரில் வந்து போனவன். மற்ற நாட்களில் ஊர் ஊராக நடந்து, எந்த வீட்டில் யாருக்குப் படை, யாருக்குத் தேமல், எந்தக் குழந்தைக்கு ஆறாத புண் என்று எழுதிக்கொண்டு வந்தவர் செவிலியர் அருள்மொழி. முப்பத்தொரு வயது. தினமும் முதல் பஸ்ஸில் மலையேறி, கடைசி பஸ்ஸில் இறங்கியவர். கள்ளச்சாராயத்தால் தன் தெருவில் வீட்டுக்கு வீடு பிணம் விழுந்த அந்த ஜூன் மாதத்தில்கூட, நான்காம் நாள் இங்கே வந்து குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டவர்.

முகம் வெளுக்கும் என்று சொல்லிச் சந்தையில் விற்கிற ட்யூப் மருந்து உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைப் பூசிப் பூசிச் சிவந்துபோன முகத்தோடு எத்தனை பெண்கள் என்னிடம் வந்தார்கள்! அருள்மொழி என்ன செய்தார்? பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். "இத்த எங்கிட்ட குடுத்துடு, வேற நல்ல மருந்து டாக்டர்கிட்ட வாங்கித் தரேன்" என்று கேட்டுக் கேட்டு வாங்கினார். ஒரு முகாமன்று அந்தப் பையை என் மேசையில் கவிழ்த்தார். மேசை நிறைந்து தரையில் உருண்டன ட்யூப்கள். "சார், இதுங்கள எல்லாம் பிடுங்கிட்டேன். இப்ப நீங்க எதுனா குடுத்தாதான் என்ன நம்புவாங்க" என்றார். அன்று எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்து என் கை வலித்தது.

இங்கே சந்தியா வந்திருக்கிறாளா? பின்னால் நிற்கிறாள். இந்தப் பெண்ணுக்கு இடது கண்ணைச் சுற்றிக் கன்னம் வரை நீலமும் சாம்பலும் கலந்த மச்சம். பிறவியிலேயே வந்தது. யாராவது அடித்துவிட்டார்களா என்று பஸ்ஸில் கேட்பார்களாம். கிரகணம் பட்டது என்று ஊரில் சொல்வார்களாம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டவளை அருள்மொழிதான் என் மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். இந்த மச்சத்துக்கு லேசர் உண்டு. ஒரே நாளில் போகாது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஏழு முறை செய்தோம். ஏழு முறையும் அருள்மொழி கூட வந்தார். தோலை மரத்துப்போக வைக்கும் கிரீமை நான் அளந்து, மச்சத்தின் மேல் மட்டும் தடவுவேன். கண்ணுக்குள் கவசம் வைப்பேன். லேசர் படும்போது ரப்பர் பேண்டால் சுண்டுவதுபோல் இருக்கும். சந்தியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அருள்மொழி எண்ணிக்கொண்டே இருப்பார். இப்போது அந்த இடத்தில் லேசாக ஒரு நிழல் மட்டும்தான் இருக்கிறது. சந்தியா பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

எதற்காக இதைச் சொல்கிறேன்? லேசர் என்றால் நல்லது, அது மனிதரை மீட்கும் என்று அருள்மொழிக்குக் காட்டியவன் நான். அந்த நம்பிக்கை என் அறையில்தான் அவருக்கு வந்தது.

கொரோனா போன பிறகும் அருள்மொழி மாஸ்க்கைக் கழற்றவில்லை. நல்ல ஒழுங்கு என்று நான் மற்றவர்களிடம் அவரைக் காட்டிப் புகழ்ந்திருக்கிறேன். தோல் மருத்துவன் நான்! முப்பது வருடமாக முகங்களைப் பார்த்துப் பிழைக்கிறவன். மாஸ்க்குக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றியதா? தோன்றவில்லை. காரியம் முடிந்த அன்று தைலம்மாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"தெனம் காத்தால கதவ சாத்திக்கினு ஷேவ் பண்ணிக்கினுதான் வேலைக்குப் போவும் சார். தாடையில, கழுத்துல முடி. பொண்ணு பாக்க வந்தவங்க, இன்னாங்க பொண்ணுக்கு மீச தாடின்னு மூஞ்சிக்கி நேரா கேட்டுட்டுப் போனாங்க. அதுலேர்ந்து கண்ணாடிகூட பாக்காது எம் பொண்ணு."

ஆனால் எனக்கு அதைத் தெரிந்துகொள்ள வாய்ப்பே இல்லாமல் போகவில்லை. இதைத்தான் இன்று உங்கள் முன் சொல்ல வந்தேன்.

ஆவணி மாத முகாம் முடிந்து, நான் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லோரும் போய்விட்டார்கள். அருள்மொழி பக்கத்தில் நின்றார்.

"சார், மொகத்துல வர்ற முடிக்கு லேசர் பண்ணலாங்களா?"

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான் சார்."

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சிரித்தேன். "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற நர்ஸ் நீ. நீயே அழகு பாக்கக் கெளம்பிட்டா எப்படி?" என்றேன்.

"சரிங்க சார்" என்றார். மேசையைத் துடைத்தார். விளக்கை அணைத்துவிட்டு என்னோடு வெளியே வந்தார். கார் கதவைத் திறந்துவிட்டு, மழை வருகிறது, மெதுவாக இறங்குங்கள் என்றும் சொன்னார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உட்காரும்மா என்று சொல்லியிருக்க வேண்டும். மாஸ்க்கை எடு, பார்க்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இந்த முடி ஹார்மோன் மாற்றத்தால் வரலாம், முதலில் இரத்தப் பரிசோதனை செய்வோம், பிறகு லேசர். அந்த லேசர் என்னிடம் இல்லை, ஆனால் ஒழுங்காகச் செய்கிற டாக்டரை எனக்குத் தெரியும், கடிதம் தருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடம் எனக்கு இல்லாமல் போயிற்றே!

என்னிடம் கிடைக்காத பதிலை அவர் போனில் தேடினார். ஒரு பெருநகரத்தின் அழகு நிலையம். விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் நிற்கிறார்கள். முகத்துக்கு மட்டும் கிடையாது, கை, கால், முகம் எல்லாம் சேர்த்துத்தான் என்று சொன்னார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னோடு வேலை செய்யும் செவிலியர் ஜெயசுதாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். ஜெயசுதா இங்கேதான் இருக்கிறார். பேச முடியவில்லை, நீங்களே சொல்லுங்கள் சார் என்றார். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

அங்கே டாக்டர் யாரும் இல்லை. ஒரு பெண் வந்து, பெயர் ஒட்டாத டப்பாவிலிருந்து மரத்துப்போகும் கிரீமை எடுத்து, இரண்டு கை, இரண்டு கால், முகம், கழுத்து முழுக்க அப்பினாள். அதன் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றினாள். அருள்மொழி செவிலியர் இல்லையா? கேட்டிருக்கிறார்.

"இவ்ளோ போடுவாங்களா? எங்க டாக்டர் கொஞ்சூண்டுதான் போடுவாரு."

"எல்லாருக்கும் இவ்ளோதாங்க. அப்பதான் வலிக்காது."

ஜெயசுதா, வாடி போய்டலாம் என்று சொல்லியிருக்கிறார். அருள்மொழி அசையவில்லை. "இவ்ளோ தூரம் வந்துட்டு எப்படிடி திரும்பறது? ஒரு தபா முடிச்சிட்டா, தெனம் கதவ சாத்தற வேல இல்ல" என்றாராம்.

ஒன்றரை மணி நேரம் அப்படியே உட்கார வைத்தார்கள். "நாக்கு மரத்துக்கினு வருதுடி, காதுல ஙொய்யின்னுது" என்றார் அருள்மொழி. ஜெயசுதா ஓடிப்போய் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். "மெஷின் சூடாவுது, இன்னும் பத்து நிமிஷம்" என்று பதில் வந்தது. திரும்பி வருவதற்குள் வலிப்பு. அந்தப் பிளாஸ்டிக் தாளை ஜெயசுதா கையாலேயே கிழித்து எறிந்தார். நாடி நின்றதும் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவில்லை. அங்கே மாற்று மருந்து உண்டா? ஆக்சிஜன் உண்டா? ஒன்றும் இல்லை. மருத்துவமனை வாசலை அடைவதற்குள் அருள்மொழியின் உயிர் போயிருந்தது.

தாய்மார்களே, லேசர் பட்டு இறந்துவிட்டார் என்று மலை முழுக்கப் பேசுகிறார்கள். லேசர் அவர் தோலைத் தொடவே இல்லை. மரத்துப்போக வைக்கும் மருந்து தோல் வழியாக இரத்தத்தில் இறங்கும். கொஞ்சம் தடவினால் கொஞ்சம் இறங்கும். உடம்பெல்லாம் அப்பி, மூடிக் கட்டி வைத்தால் மூளைக்கும் இதயத்துக்கும் போய்ச் சேரும். அதுதான் கொன்றது. அழகுக்கு ஆசைப்பட்டுச் செத்தாள் என்றும் சிலர் பேசுகிறார்கள். மற்ற பெண்களைப்போல் முகத்தைத் திறந்துகொண்டு பஸ்ஸில் உட்கார்ந்து வர நினைத்தது பேராசையா? அப்படிப் பேசுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அதே பேச்சை அவரிடமே நேரில் பேசியவன் நான்.

இப்போது அந்த நிலையத்தின் வக்கீல் ஒரு காகிதத்தோடு கருணாபுரத்துக்கு வந்து போகிறார். அருள்மொழிக்கு முன்பே இதய நோய் இருந்தது, அதை மறைத்துவிட்டார் என்று பெற்றவர்கள் எழுதித் தர வேண்டுமாம். கொளஞ்சியப்பன் அவர்கள் லாரியில் மூட்டை ஏற்றி இறக்கிப் பெண்ணைப் படிக்க வைத்தவர். அவர் அந்த வக்கீலிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"தெனம் மலமேல ஊர் ஊரா நடந்த பொண்ணுங்க அது. நெஞ்சு நோவுன்னு ஒரு நாள் படுத்ததில்ல. செத்த பொண்ணு மேல பொய் எழுதி நான் கைநாட்டு வெக்கமாட்டேன். எட்த்துக்கினு போங்க."

போன வருடம் இந்தக் கூடத்தில் செவிலியர்களுக்கு எல்லாம் உடல் பரிசோதனை நடந்தது. அருள்மொழியின் இசிஜி என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு குறையும் இல்லை. அதை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்துச் சாட்சி சொல்ல வேண்டும். சொன்னால், உங்களிடம் வேலை செய்த பெண் உங்களிடம் ஏன் கேட்கவில்லை என்று என்னைக் கேட்பார்கள். "கேக்கலன்னு சொல்லிடு, யாருக்குத் தெரியப்போவுது" என்று என் நண்பர்களான டாக்டர்கள் சொல்கிறார்கள். அருள்மொழியைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். அதனால்தான் இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். இனி என்னால் மாற்றிப் பேச முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை முகாமை நிறுத்தவில்லை. பதினோரு பேர் வந்தார்கள். ஊர் ஊராகப் போய்ச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான் வருவார்கள். இனி அந்த வேலையை ஜெயசுதாவும் நானும் பங்கு போட்டுக்கொள்கிறோம். மாதம் ஒரு நாள் என்பது இனி நான்கு நாள். முகத்தில் முடி, கரும்புள்ளி, தழும்பு, மச்சம் எதுவாக இருந்தாலும் வந்து கேளுங்கள். எதற்கு லேசர் உதவும், எதற்கு உதவாது, யாரிடம் போகலாம், எங்கே போகக் கூடாது என்று உட்கார வைத்துச் சொல்வேன். ஆயுள் உள்ளவரை சொல்வேன். இது செவிலியர் அருள்மொழிக்கு நான் கொடுக்கிற வாக்கு.

வருகிற புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அந்த நகரத்துக் காவல் நிலையத்தில் விசாரணை. கொளஞ்சியப்பன் அவர்களும், தைலம்மாள் அவர்களும், ஜெயசுதாவும், நானும் போகிறோம். அருள்மொழி எப்படி நடந்தார், எத்தனை மேடு ஏறினார் என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான். காலை எட்டு மணிக்கு வெள்ளிமலை பஸ் நிறுத்தத்திலிருந்து வேன் கிளம்பும். பதினேழு பேர் உட்காரலாம்.

வருகிறவர்கள் இப்போதே கையைத் தூக்குங்கள். பெயர் எழுதிக்கொள்கிறேன்.