விடுப்பில் வந்தவர்களை விட்டுவிடுங்கள்

தலைமை தாங்கித் தளராது அமர்ந்திருக்கும் ஆயர் அவர்களே, முன்வரிசை மூப்பர்களே, அந்த மூப்பர்களையே மேய்க்கும் அவர்தம் துணைவியரே, தாய்மார்களே, வாசலருகே சாய்ந்து நின்று "சீக்கிரம் முடியுங்கள்" என்று கண்ணாலேயே கெஞ்சும் வாலிபர்களே! உங்கள் எல்லோர் முன்னிலையிலும் உறுதி கூறுகிறேன்: நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பமாட்டீர்கள்.

தொலைதூர மலைநாட்டில் மிஷனெரிகளாக ஊழியம் செய்யும் என் தங்கை மகளும் மாப்பிள்ளையும் ஓய்வெடுக்க நம் சபைக்கு வந்தார்கள். ஓய்வா அது? ஓய்வுக்கே மூச்சு வாங்கும் ஓய்வு! ரயில் நிற்பதற்குள் ஜன்னல் வழியாக மைக்கை நீட்டினார் நம் செயலாளர். பெட்டி இறங்கும் முன்னே சாட்சிப் பேச்சு இறங்கியது. பெண்கள் ஐக்கியத்தில் பேசினார்கள். வாலிபர் ஐக்கியத்தில் பேசினார்கள். பாடகர் குழுவின் ஒத்திகையைக்கூட நிறுத்திவிட்டுப் பேசினார்கள். திரையில் காட்டிய படங்களில் சிரித்துக்கொண்டிருந்த மலைமக்கள், வாய் வலித்துப்போய் எழுந்து வீட்டுக்கு நடந்தார்கள். கடைசியில் வெறும் மலைதான் மிச்சம்.

விருந்துக்கு அழைத்தோமே, அங்காவது விட்டோமா? மாப்பிள்ளை முதல் வாய் சோற்றை எடுக்கும்போதே, அங்கே பாம்பு உண்டா என்று கேட்டோம். ஆவலோடு கேட்பவரை ஏமாற்றத்தோடு அனுப்ப மனம் வராத மனிதர். முதல் வீட்டில் முழ நீளமிருந்த பாம்பு, வீட்டுக்கு வீடு வளர்ந்து, மூப்பர் வீட்டுக்குப் போனபோது ஞானஸ்நானம் கேட்டது. சிரிக்காதீர்கள், ஆயரே. தண்ணீரில் முழுக்கா, தலையில் தெளிப்பா என்று அதனிடம் விசாரித்தவரே தாங்கள்தான்.

கை கழுவியதும் என்ன செய்வோம்? நம் சபையின் மாறாத மரபு அது: "சிஸ்டர், ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க." மகனின் தேர்வுக்கு ஒன்று, மாமியார் முழங்காலுக்கு ஒன்று, ஓடாத மோட்டாருக்கு ஒன்று. அவளும் மறுக்காமல் செய்வாள். என் வீட்டில் அவள் தூங்கும்போது அடுத்த அறையில் யாராவது தும்மினால் போதும். கண் திறக்காமலே அந்தக் குடும்பத்தை ஆசீர்வதித்துவிட்டுப் புரண்டு படுப்பாள்.

நேற்றுக் காலை பார்க்கிறேன், பெட்டியை அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா, லீவு இன்னும் கிடக்கே. என் சமையல் அவ்வளவு மோசமா?"

"அங்கயே போயிடறோம் மாமா. அடுத்த லீவுக்கும் வரல."

வழக்கமாகச் சிரிப்பவள், சிரிக்கவில்லை. ஒரு சேலையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எனக்காக ஒருத்தர் பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணி ரொம்ப நாளாச்சு மாமா. எல்லாரும் என்னையேதான் பண்ணச் சொல்றாங்க."

என்ன தாயே, அவளே மிஷனெரியாயிற்றே என்கிறீர்களா? ஊருக்கெல்லாம் ஊசி போடும் டாக்டருக்குக் காய்ச்சல் வராதா?

சிந்தியுங்கள் பெரியோர்களே. ஊழியம் முடிந்து களைத்துத் திரும்பிய சீடர்களுக்கு ஆண்டவர் மேடை போட்டாரா? மாலை போட்டாரா? அறிக்கை கேட்டாரா? இளைப்பாறத் தனியிடம் அல்லவா தேடிக்கொடுத்தார்! அனுப்பிவைத்த நமக்கு மிஷனெரி மட்டும் போதுமா, மகள் வேண்டாமா? மதிப்பு, மரியாதை, மாலை என்று மேடையில் ஏற்றி ஏற்றியே அவளை எட்டாத தூரத்துக்கு அனுப்பிவிட்டோம். அந்த மலைநாடுகூட இந்த மேடையைவிடப் பக்கம்!

ஆகவே, என் பின்னால் நாற்காலியில் வியர்த்துக்கொண்டிருக்கும் மகளே, மாப்பிள்ளையே, இறங்கி வாருங்கள். ஏற்புரை கிடையாது. படம் கிடையாது. அதோ உன் அக்கா பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டிருக்கிறாள், போய் உட்கார். நிறைவு ஜெபத்தை இன்று மூப்பர் செய்வார். உங்கள் இருவருக்காக, பெயர் சொல்லி, கொஞ்சம் சுருக்கமாக.

என்னைப் பொறுத்துக்கொண்ட செவிகளுக்கெல்லாம் நன்றி. எல்லோருக்கும் என் ஸ்தோத்திரம். ரயில் ஜன்னல் பொய். பாம்பு பொய். தும்மலும் பொய். பெட்டி மட்டும் உண்மை. இன்னும் பூட்டாமல் என் வீட்டில்தான் இருக்கிறது.