எங்கெல்பெர்ட்டுக்குக் குழி வெட்டுவது யார்

— அதெல்லாம் நடக்காது, அல்வினே. நேராச் சொல்றேன், உங்க வீட்டுக்காரருக்கு நான் குழி வெட்டமாட்டேன்.

— முதல்ல கதவைச் சாத்து. ஈரக்காத்து அவர் மேல அடிக்குது.

— இனிமேதான் சளி பிடிக்கப் போகுதாக்கும் எங்கெல்பெர்ட்டுக்கு!

— அவருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். உக்காரு. அதென்ன புதுசா 'உங்க வீட்டுக்காரர்'? நான் கல்யாணமாகி வந்த நாள்லயிருந்து 'அல்வினே, சூடா ரொட்டி இருக்கா'ன்னு இந்த அடுப்படியிலயே கிடந்தவன் நீ.

— பதிமூணு வருஷமா ரெண்டு வீட்டுக்கும் பேச்சில்ல. மரியாதையாவது மிச்சமிருக்கட்டும்.

— பேச்சில்லாதவன்தான் நேத்து காலையில பங்குச்சாமி வீட்டுக்கு ஓடினியா? வீடு வீடாப் போய் சாவு சொன்னியா? எங்க மாட்டுக்குப் பால் கறந்தது யாரு, கிளெமென்ஸ்?

— அது முதல் அண்டைவீட்டுக்காரன் செய்யவேண்டிய வேலை. செஞ்சாச்சு. பெட்டி தூக்க ஆறு பேர் சொல்லி வெச்சாச்சு. குழிக்கு என் பண்ணையாளை அனுப்பறேன்.

— பண்ணையாள் வேண்டாம்.

— சரி, ரெண்டாவது அண்டைவீடு. தெர்ஹோர்ஸ்ட் ஓடி வருவான். குழி வெட்டினா சாராயம் உண்டே.

— அவன் ஏர் உழுத சால் எப்படி வளையுதுன்னு பாத்திருக்கியா? குழியும் அப்படித்தான் கோணும். நீதான் வெட்டணும். உன் கையால.

— என்ன பிடிவாதம் இது!

— கேளு. கொள்ளைநோய்ல இந்த வென்னெலோ ஊரே காலியானப்போ மிஞ்சினது ரெண்டு வீடு. உங்க வீடு, இந்த வீடு. சாமியும் செத்தாச்சு, பொதைக்க நாதியில்ல. உங்காளு எங்காளைப் பொதைச்சான். எங்காளு உங்காளைப் பொதைச்சான். பங்குப் புத்தகத்துல முதல் பக்கமே அதுதான். முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு தடவை தப்பியிருக்கா?

— எனக்கே பாடமா? பிரெஞ்சுப் பட்டாளம் வைக்கோல் வரைக்கும் அள்ளிட்டுப் போனப்பவும் தப்பல. முதல் உலகச் சண்டையில ஆம்பிளைங்க எல்லாம் போர்முனையில கிடக்க, எங்கம்மா பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு உன் மாமனாருக்கு வெட்டினா. களிமண்ணு. கை ரெண்டும் கிழிஞ்சுபோச்சு.

— அப்புறம் என்ன?

— அப்புறமா? என் பொண்ணுக்கு யார் வெட்டினது? எங்க வீட்டுக்கு முதல் அண்டை யாரு? கோயில்பிள்ளை யாரு? கல்லறைத் தோட்டத்துச் சாவி யார் இடுப்புல தொங்குச்சு? மூச்சே விடாம பொறந்தவ, ஞானஸ்நானம் இல்ல, உள்ள இடமில்லன்னு வாசல்ல நின்னு சொன்னானே உன் எங்கெல்பெர்ட்!

— சொன்னது பங்குச்சாமி.

— வாய் யாரோடது? வேலிக்கு வெளியே, முள்ளுச்செடியோரம். அங்கதான் வெட்டினான். நேராச் சொல்றேன், ஒழுங்காத்தான் வெட்டினான். ஓரமெல்லாம் செதுக்கி, அடியில ஓக் இலை பரப்பி. அதுதான் எனக்கு இன்னிக்கும் பொறுக்கல.

— மெக்டில்டு எப்படி இருக்கா?

— எப்படி இருப்பா? பூசை முடிஞ்சதும் எல்லாரும் உள்ள போய் அவங்கவங்க கல்லறைக்குத் தீர்த்தம் தெளிக்கிறாங்க. என் பொண்டாட்டி மட்டும் வெளிய நிக்கிறா. வேலியோரம், மழையில, பனியில. அதைப் பாத்துட்டு வந்து இவனுக்கு நான் மண்வெட்டி எடுக்கணுமா? என்னை ஏன் அல்வினே வதைக்கறே?

— அவளுக்காகவுந்தான் கேக்கறேன்.

— என்ன உளர்றே?

— இதை அவர் எங்கிட்டச் சொன்னதே முந்தாநாள்தான். நாப்பது வருஷம் கூட இருந்தவளுக்கே அதுவரைக்கும் தெரியாது. மெக்டில்டு வேலியோரம் நிக்கிறப்பல்லாம் மணிக்கூண்டுலயிருந்து பாத்துக்கிட்டு இருந்திருக்காரு, சொல்லிடணும்னு வாய்வரைக்கும் வருமாம். அந்தப் பழைய சாமி காதுக்குப் போனா மறுபடியும் தோண்டி எடுக்கச் சொல்லியிருப்பாரு. உன் வாயும் இவருக்குத் தெரியும், சந்தையில ஒரு நாள் போதும், ஊருக்கே சொல்லிடுவே. அந்தச் சாமியும் போன மாசம் போய்ச் சேர்ந்துட்டாரு. புதுசா வந்தவர்கிட்ட நேத்தே பேசிட்டேன், அவர் தடுக்கமாட்டாரு.

— எதைத் தோண்டி எடுக்க? அழாதே. அழாம சொல்லு.

— அதனாலதான் பண்ணையாள் கூடாது, தெர்ஹோர்ஸ்ட் கூடாது. எங்க குடும்பக் கல்லறையில இறங்கினதும் இடது ஓரமா மண்வெட்டி போடாதே, கிளெமென்ஸ். அங்க கையாலயே மண்ணைத் தள்ளு.

— அல்வினே...

— முள்ளுச்செடியோரம் பொதைச்ச அதே பெட்டிதான். சாமி ஊர்ல இல்லாத அந்த வாரமே தூக்கிட்டு வந்து இங்க தன்னோட அம்மா காலடியில வெச்சுட்டாரு. பதிமூணு வருஷமா உன் பொண்ணு வேலிக்கு உள்ளதான் இருக்கா.