விளக்குக்குப் பக்கத்தில் அடுப்பு

பதுளை ஆஸ்பத்திரியின் மருந்து வரிசையில் எனக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர் காலிப் போத்தல்களோடு நின்றார்கள்.

"செத்தவனுக்கு எதுக்கு அறைன்னு கேட்டாரு அக்கா, கங்காணி," என்றாள் இளையவள்.

"உன் புருசனுக்குக் கருமாதி முடிஞ்சிருச்சா?"

"எங்க? மூணாம் நாளே எங்க அறைக்குள்ள இன்னொரு குடும்பத்தை விட்டுட்டாரு. எம் புருசன் படுத்திருந்த எடத்துல வச்ச விளக்கு எரியுது, பக்கத்துல அவங்க அடுப்பு எரியுது."

"நீ கேக்கலையா?"

"கேட்டேன். ஒத்தப் பொம்பளைக்குத் தனி அறை கெடையாதாம். நான் காலையில பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போகலையா, கொழுந்து எடுக்கலையா? தொரை பங்களாவுல விருந்தாளி அறை பூட்டியே கெடக்கு. அதைத் தெனமும் தொடைக்க என் தங்கச்சி போறா."

"வந்தவங்களை வெரட்டிவிட வேண்டியதுதானே?"

"எங்க வெரட்ட? அவங்க குடியிருந்த லயத்துல கூரை விழுந்துருச்சு. அந்தக் குடும்பத்துப் பொண்ணு புள்ளத்தாச்சி வேற. நான் கொழுந்தெடுக்க மலைக்குப் போனா விளக்குக்கு எண்ணெய் ஊத்துறதே அவதான்."

வரிசை நகர்ந்தது. பெரியவள் போத்தலைக் காட்டி, "மருந்து உனக்கா?" என்றாள்.

"அவளுக்கு. நாங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கணும்னுதான் கங்காணி காத்துக்கிட்டு இருக்காரு. காத்துக்கிட்டே இருக்கட்டும்."