நாலாம் கட்டில்

அந்தப் பயிற்சி வகுப்பில் கொடுத்த உளுந்த வடை நன்றாக இருந்தது சார். அதற்காகத்தான் மதியம்வரை உட்கார்ந்திருந்தேன்.

டாக்டருக்குப் படிப்பவர்கள், நர்சிங் படிக்கும் நாங்கள், சமூகப்பணி படிப்பவர்கள் என்று எல்லாரையும் கலந்து உட்கார வைத்திருந்தார்கள். மற்ற படிப்புக்காரர்களைப் பற்றி மனதில் பட்டதைத் துண்டுச்சீட்டில் எழுத வேண்டும். எங்களைப் பற்றி ஒரு சீட்டில், 'மூளை வேண்டாம், கை போதும்' என்று இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எழுதியது பயிற்சி டாக்டர் நவநீதகிருஷ்ணன். அவரே கையைத் தூக்கி, தப்பா எடுத்துக்காதீக, சும்மா வெளையாட்டுக்குத்தான் என்றார்.

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முன்பு வார்டில் இரண்டு தடவை அவர் தவறாக எழுதிய மருந்தளவை அவரிடமே சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவையும் திருத்தினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. இனிமேல் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். அவ்வளவுதான்.

பதினாறு நாள் கழித்து ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற அறை வெடித்தது. மதியம் இரண்டு மணிக்கு ஒன்பது பேரை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஒருவருக்கு முழங்கைக்குக் கீழே எதுவும் இல்லை. ஒரு பெண்ணின் சேலை உருகித் தொடையோடு ஒட்டியிருந்தது, எடுத்தால் தோலும் கூடவே வந்தது. நாலாம் கட்டில் கண்ணுச்சாமிக்கு அவ்வளவு மோசமில்லை. முகமும் கழுத்தும் வெந்திருந்தன, ஆனால் பேசினார். மூக்கு மயிர் கருகியிருந்தது, நாக்கில் கரி. குரல் கம்மியிருந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மூச்சுக்குழலும் வெந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் வீங்கி அடைத்துவிடும். அதற்குள் தொண்டையில் குழாய் இறக்க வேண்டும். நவநீதகிருஷ்ணன் வெளிக்காயத்தை மட்டும் பார்த்தார், குளுக்கோஸும் வலிக்கு ஊசியும் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எழுதியபடி செய்தேன்.

சமூகப்பணி மாணவி கீர்த்திகா கண்ணுச்சாமியிடம் வீட்டு விவரம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடத்தில் என்னிடம் வந்தாள்.

"அக்கா, அவுக குரல் போய்க்கிட்டே இருக்கு. பெரிய டாக்டரைக் கூப்பிடவா?"

"ஆறுதல் சொல்றதுதான் ஒன் வேலை. நோயாளியப் பாக்க நாங்க இருக்கோம். வெளிய அழுகிறவுகளைப் போய்ப் பாரு."

போய்விட்டாள்.

இரண்டே முக்காலுக்கு அவர் மூச்சில் விசில் மாதிரி சத்தம் வந்தது. கழுத்தைப் பிறாண்ட ஆரம்பித்தார். வெந்த தோல் நகத்தோடு உரிந்தது. கையில் ஏற்றியிருந்த ஊசியைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் துணிக்கட்டால் கட்டில் கம்பியோடு கட்டினேன். உதைத்தார். முழங்கால்களின் மேல் என் பாரத்தைக் கொடுத்து அழுத்திக்கொண்டேன். கண் என்னைத்தான் பார்த்தது. என்ன கேட்கிறார் என்று புரிந்தது. பெரிய டாக்டர் பத்தடி தூரத்தில் நின்றார். திரையை இழுத்து மூடினேன். உதடு நீலம் பாரித்து, உதை குறைந்து, எல்லாம் நிற்கப் பதினோரு நிமிடம் ஆனது. கட்டை அவிழ்த்த பிறகுதான் திரையை விலக்கினேன்.

ஆமாம் சார், நான்தான் கொன்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். நர்சுகள் நாங்கள் வாயைத் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று அந்த டாக்டர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. நவநீதகிருஷ்ணனைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வராந்தாவில் நின்று அழுதார். கீர்த்திகா மட்டும் எல்லாவற்றையும் நேரம் போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்திருக்கிறாள். சமூகப்பணி படிக்கிற பெண், அவ்வளவு கவனமாக இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கண்ணுச்சாமியின் மனைவி கருப்பம்மாள் பிணவறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசில தனியாவா கெடந்தாக, தாயி?"

இல்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை சார். அவர் மூச்சு நிற்கிறவரை ஒரு நிமிடம்கூட அந்தக் கட்டிலை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டது நான் ஒருத்திதான்.