அக்காவின் தோட்டத்தில் நான் செய்த மாற்றங்கள்

வீட்டுத் தோட்டத்துக்கு யோசனை தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். நேராகச் செடி விற்கும் இடத்துக்குப் போய்விடுகிறார்கள். அங்கே எது பூத்திருக்கிறதோ அதை வாங்கி வந்து, எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே வைத்துவிட்டு, ஏன் எடுப்பாக இல்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். முதலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வேண்டும். வீட்டு மனிதர்கள் எந்த வழியாக நடக்கிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எதை நோக்கிக் கை நீட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். யோசனை தானாக வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

உங்கள் ஆள் எடுத்த படங்களைக் காட்டினீர்கள் ஐயா. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், எல்லாமே தரையில் நின்று எடுத்தவை. அந்தத் தோட்டத்தை மாடி ஜன்னலிலிருந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து பார்ப்பதற்காகத்தான் அதை அமைத்தேன்.

நான் துணிக்கடையில் வேலை பார்த்தவன். கடை முகப்பில் பெரிய கண்ணாடி இருக்குமே, அதற்குள் பொம்மைகளுக்கு உடுத்தி, விளக்குப் போட்டு, பருவத்துக்கு ஏற்ற மாதிரி ஜோடிப்பது என் வேலை. தெருவில் போகிறவன் நிற்க வேண்டும், நின்றவன் உள்ளே வர வேண்டும். எத்தனையோ பேர் நின்றார்கள், வந்தார்கள். இதைச் செய்தது யார் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. தலை நரைத்த பிறகு ஒருநாள் முதலாளி அந்தக் கண்ணாடிக்குள் பெரிய திரையை மாட்டி விளம்பரம் ஓட விட்டார். பொம்மைகளை மூட்டை கட்டினார்கள், கையோடு என்னையும் கட்டி அனுப்பினார்கள்.

அதே சமயத்தில்தான் மாமா இறந்துபோனார். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர், கொத்தனார். அக்காவுக்குச் சின்ன வயதிலேயே ஒரு காய்ச்சலில் பார்வை போய்விட்டது. இனிமேல் தனியாக என்ன செய்வாள் பாவம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கவலைப்பட்டார்கள். கவலைப்பட்டு முடித்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெட்டியோடு வந்து இறங்கியது நான் ஒருவன்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாமா அந்தத் தோட்டத்தை அக்காவின் காலுக்கும் மூக்குக்கும் ஏற்ற மாதிரி கட்டியிருந்தார். சமையலறைப் படியிலிருந்து செங்கல் பாதை. திரும்ப வேண்டிய இடத்தில் செங்கலைக் குறுக்கே பதித்திருந்தார், பாதம் உணரட்டும் என்று. இடது பக்கத் திருப்பத்தில் புதினா, வலது பக்கத் திருப்பத்தில் எலுமிச்சை. பெஞ்சுக்கு முன்னால் சரளைக்கல். பின்கோடியில் தரைக்குள் இறக்கிக் கட்டிய தண்ணீர்த் தொட்டி, செங்கல் நனைப்பதற்காக மாமா வைத்திருந்தது. அதைச் சுற்றி இடுப்பளவு சுவர். அக்கா கையில் கோல்கூட இல்லாமல் இத்தனைக்கும் நடுவே நடப்பாள். களை பிடுங்குவாள். மல்லிகை மொட்டைத் தடவிப் பார்த்து, இது நாளைக்குப் பூத்துவிடும் என்பாள். பூத்துவிடும்.

கண்ணால் பார்த்தால்தான் கண்றாவி. பெயிண்ட் டப்பாவில் ரோஜா, விரிசல் விட்ட வாளியில் கற்றாழை, ஊதாவை ஒட்டி ஆரஞ்சு. மாடியிலிருந்து பார்த்தால் பழைய இரும்புக் கடை தோற்றது. அவளிடமே சொன்னேன். "எனக்கு எல்லாம் நல்லாத்தான்டா தெரியுது" என்று சிரித்தாள். தன் கண்ணை வைத்துத் தானே கேலி செய்வது அவள் வழக்கம். கூடச் சிரிப்பதா வேண்டாமா என்று நாம்தான் முழிக்க வேண்டும்.

சும்மா இருக்கிற கை சும்மா இருக்காது ஐயா. செல்போனில் தோட்டப் படங்களாகப் பார்த்துத் தள்ளினேன். தெருவில் நடக்கும்போது பிறத்தியார் காம்பவுண்டுக்குள் எட்டிப் பார்த்து இரண்டு வீட்டில் திட்டு வாங்கினேன். பிறகு ஒருநாள் பெஞ்சை மட்டும் நாலடி தள்ளிப் போட்டேன், எலுமிச்சை நிழல் அதன்மேல் விழட்டும் என்று. அக்கா வந்து முழங்காலில் நன்றாக இடித்துக்கொண்டாள். கோபப்படவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு பெஞ்சைச் சுற்றி வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு அவளை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போவேன், அவள் கை என் தோளில் இருக்கும். அந்தக் கை திரும்பவும் தோளில் விழுந்தது எனக்குப் பிடித்திருந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அன்றைக்கு நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். எதை வேண்டுமானாலும் நகர்த்து, ஆனால் சொல்லிவிடு என்றாள். அதிலிருந்து தினமும் காலையில் தோட்டத்துக்கு இறங்கும்முன் படியில் நின்று கேட்பாள், "தம்பி, ஏதாவது நகர்த்தினியா?" நான் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்வேன். டப்பாக்களை எடுத்துவிட்டு மண் தொட்டி வரிசை வைத்தேன், சொன்னேன். நேர்ப் பாதையை வளைத்தேன், சொன்னேன். குறுக்குச் செங்கலை எடுத்துவிட்டு ஒரே சீராகக் கல் பதித்தேன், அதையும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சில நாட்கள் என் தோளைப் பிடித்து நடப்பாள். அப்புறம் எப்படியோ பழகிக்கொண்டு கையை எடுத்துவிடுவாள். நான் மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்து அமைத்ததை அவள் பாட்டுக்கு மிதித்துக்கொண்டு போய்விடுவாள்.

அப்போதுதான் எனக்கு அந்த விஷயம் பிடிபட்டது. செல்போனில் தேடிய யோசனை எல்லாம் தண்டம். அக்கா எங்கே தயங்காமல் கால் வைக்கிறாளோ அந்த இடத்தை மாற்றினால் தோட்டம் ஒரு படி அழகாகிறது. மாமா அவள் வசதிக்காக வைத்ததெல்லாம் கண்ணுக்கு உறுத்தல். அவள் நம்பி நடக்கிற இடமாகப் பார்த்து எடுக்க எடுக்க, பார்வைக்குத் தடையில்லாமல் போயிற்று. வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். மாடி ஜன்னலில் நாற்காலியைப் போட்டு அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

தொட்டிக்கு வந்தபோது மட்டும் அவள் பிடிவாதமாக நின்றுகொண்டாள். இடுப்பளவு சுவர் நின்றால் மாடியிலிருந்து தண்ணீர் தெரியாது. தண்ணீர் தரையோடு தரையாக இருந்தால்தான் வானம் அதில் இறங்கும், கண்ணாடி மாதிரி இருக்கும். சுவரை இடிக்கலாம் என்றேன். கூடாது என்றாள். ஆழம் அவளுக்குக் கழுத்தளவு. நாலைந்து நாள் கெஞ்சிய பிறகு இறங்கி வந்தாள், இரண்டு நிபந்தனையோடு. தொட்டியில் எந்நேரமும் ஒரு குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும், சத்தத்தை வைத்து அவள் விலகிக்கொள்வாள். சுற்றிலும் அகலமாகச் சரளைக்கல் கொட்ட வேண்டும், காலில் பட்டதும் நின்றுகொள்வாள். இரண்டையும் செய்தேன். அல்லி போட்டேன். ஓரத்தில் கொடி நட்டுத் தண்ணீர்மேல் வழிய விட்டேன். சரளையும் அந்தச் சளசளப்பும் இல்லாமல் இருந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று தெரியும். பொறுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு டீச்சர்தான் பத்திரிகைக்கு எழுதிப் போட்டார். வீடு, தோட்டம் பற்றி எழுதுகிற பத்திரிகை. கேமராவோடு ஒரு பெண் வந்தாள். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மாடியிலிருந்து எடுத்தால் நன்றாக வரும் என்று வாசலிலேயே சொன்னேன். சரி சார் என்றாள். ஆனால் அக்கா நடந்து வருவதைப் பார்த்ததும் அந்தப் பெண் என்னை மறந்துவிட்டாள். தானும் கண்ணை மூடிக்கொண்டு அக்கா பின்னால் நடந்தாள். புதினாவைக் கசக்கி மோந்தாள். தொட்டிப் பக்கம் வந்ததும் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டு நின்று, சிரித்து, அக்காவைக் கட்டிக்கொண்டாள். மாடிக்கு ஏறவே இல்லை.

பத்திரிகை வந்ததும் டீச்சர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அக்காவுக்குப் படித்துக் காட்டினார். பார்வையில்லாத ஒரு பெண் எப்படி இத்தனை அழகான தோட்டத்தை அமைத்தார், யோசனைகள் அவருக்கு எங்கிருந்து வருகின்றன என்று பக்கம் பக்கமாக. கடைசியில், தோட்டத்தைப் பராமரிக்க அவருடைய தம்பியும் உதவுகிறார் என்று ஒரு வரி. அக்கா கூச்சத்தில் நெளிந்தாள். "எல்லாம் என் தம்பி செஞ்சதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேனே டீச்சர்" என்றாள். சொல்லியிருப்பாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது ஐயா. டீச்சருக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அடுத்த வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா பேச்செடுத்தாள். மாமாவிடம் வேலை பார்த்த மேஸ்திரியைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறாளாம். தொட்டிக்குச் சுவரைத் திரும்பக் கட்டப் போகிறாளாம், பாதையில் குறுக்குச் செங்கலையும் பதித்துவிடலாமாம்.

"வயசாகுதுடா. முன்ன மாதிரி ஞாபகம் நிக்கல. பாக்கறவங்க பாத்துட்டுப் போயிட்டாங்க, நான்தானே தினமும் நடக்கணும்."

குரலில் கடுகளவு கோபம் கிடையாது. எனக்குப் பிடித்த பொரியலை இன்னொரு கரண்டி வைத்தாள். சரிக்கா என்றேன். நியாயம்தான். அது அவள் தோட்டம், அவள் கால். ஆனால் சுவர் எழும்பிவிட்டால் என் குளம் திரும்பவும் செங்கல் நனைக்கும் தொட்டி. அது ஒரு நாளாவது முழுசாக, நான் நினைத்த மாதிரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. இதில் என்ன பேராசை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டீச்சர் அக்காவைத் தன் பெண் வீட்டு விசேஷத்துக்கு அழைத்துப் போனார். நான் சரளையை அள்ளி மூட்டையில் கட்டினேன். புல்லைப் பாய் மாதிரி சுருட்டி விற்கிறார்கள் தெரியுமா, அதை வாங்கி வந்து தண்ணீர் விளிம்புவரை விரித்தேன். குழாயைக் கழற்றி, பின்கோடியின் மறுமூலையில் ஒரு கல் தொட்டியில் விழுகிற மாதிரி வைத்தேன். மாடிக்குப் போய்ப் பார்த்தேன். குளத்தில் ஒரு சலனம் இல்லை. மேகம் அப்படியே இறங்கி நின்றது. என் வாழ்நாளில் நான் செய்ததிலேயே அதுதான் சரியாக அமைந்தது. யார் செய்தது என்று கேட்க ஆளில்லை என்றாலும் எனக்குக் கண் கலங்கியது.

மறுநாள் காலையில் அக்கா படியில் நின்றாள். மேஸ்திரி இன்னும் வரவில்லை. "தம்பி, ஏதாவது நகர்த்தினியா?" என்றாள்.

இல்லக்கா என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் மூன்று பேர் மாறி மாறிக் கேட்டுவிட்டீர்கள். நகர்த்தினேன் என்றால் இறங்க மாட்டாள், மேஸ்திரி வரும்வரை படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். அவள் அதில் நடப்பதை நான் பார்க்க வேண்டியிருந்தது. ஆள் நடக்காத தோட்டத்தில் அழகு எப்படித் தெரியும். நான் மாடிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

தண்ணீர்ச் சத்தம் வலது பக்கம் கேட்டதால் அவள் இடது பக்கமாக விலகி நடந்தாள். சந்தேகமே இல்லாத நடை. புல்லில் கால் வைத்ததும் ஒரு நொடி நின்றாள், குனிந்து புல்லைத் தொட்டாள். புது இடம் என்று புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் நான் இல்லை என்று சொல்லியிருந்தேன் அல்லவா, நிமிர்ந்து அடுத்த அடியை வைத்துவிட்டாள்.

விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. எழுந்து நின்றாள், தண்ணீர் கழுத்துக்கு இருந்தது. அடியில் அல்லிக்காகப் போட்ட களிமண், கால் வழுக்கியது. ஓரத்துக் கொடியைப் பிடித்தாள், கையோடு வந்துவிட்டது. தொட்டியின் வலது மூலையில் மாமா ஏறி இறங்க வைத்த இரும்புப் படி இருந்தது, அக்கா ஒரு நாளும் அதற்குள் இறங்கியவள் இல்லை. தம்பி, எந்தப் பக்கம்டா என்று கேட்டாள். வலது என்றால் போதும். அதுகூட வேண்டாம், ஏதாவது ஒரு சத்தம் கொடுத்தாலும் அதை நோக்கி நகர்ந்திருப்பாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. எனக்குத் தொண்டை அடைக்கவில்லை, கை கால் நடுங்கவில்லை. பயத்தில் உறைந்துபோனேன் என்று என் வக்கீல் எழுதச் சொல்கிறார், அது பொய். தண்ணீர் கலங்கிவிட்டதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பலமுறை கூப்பிட்டாள். பலமுறை வழுக்கி மூழ்கி எழுந்தாள். பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, முகத்தைச் சரியாக மாடி ஜன்னலுக்கு நேராகத் தூக்கினாள். எப்படித் தெரிந்ததோ. கத்தவில்லை, சாப்பிட வா என்று கூப்பிடுகிற குரலில் கேட்டாள்.

"தம்பி, நீ பாத்துக்கிட்டுதானே இருக்க?"

அக்கா கேட்டதற்கு நான் பதில் கொடுக்கவில்லை என்று இந்த வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா, மற்றதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.