அடிக்கோடு போட்ட வரி

— கையை எடும்மா. நீ மவுஸைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா நான் எப்படி வேலை பார்க்கறது?

— அஞ்சு நிமிஷம்ணே. இந்த ஒரு லிஃப்ட் சர்டிபிகேட்டை அடிச்சு முடிச்சிடறேன். இல்லைன்னா முதலாளி என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிடுவார்.

— அவர்தான் போடச் சொன்னார். மத்த பத்து மெஷின்லயும் போட்டாச்சு. உன்னோடது மட்டும்தான் பாக்கி.

— அப்படி என்னதான் போடறீங்க? காலையிலருந்து ஆபீஸே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. கேம் எல்லாத்தையும் அழிக்கறீங்களா?

— நீ சீட்டு ஆடறது எனக்கு எப்பவோ தெரியும். அதுக்கு இல்ல. இது தேடற சாஃப்ட்வேர். ஒரு வார்த்தை அடிச்சா போதும். அது எந்த ஃபைல்ல இருக்குன்னு கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள காட்டிடும்.

— இதானா... அதான் ஏற்கெனவே இருக்கே, பூதக்கண்ணாடி படம் போட்டு.

— அது வாசல்ல நின்னு பேர்ப்பலகையை மட்டும் படிக்கும். இது வீட்டுக்குள்ள பூந்து பீரோவைக் குடையும்.

— உள்ளேன்னா... ஃபைலுக்கு உள்ளேயா?

— ஒவ்வொரு வரியும். முன்கூட்டியே எல்லாத்தையும் படிச்சுப் பட்டியல் போட்டு வச்சுக்கும். அதோட குட்டியா ரெண்டு துணை புரோகிராம் வேற சேர்த்திருக்கேன். ஒண்ணு மெயிலோட இணைச்சு அனுப்பினதைப் படிக்கும். இன்னொண்ணு ஸ்கேன் பண்ணின காகிதத்தைக்கூட படிக்கும்.

— ஒவ்வொரு வரியுமா...

— என்னம்மா, மேலே பார்க்கறே?

— ஒண்ணுமில்ல. ஃபேன் ஓடலையோன்னு பார்த்தேன்.

— ஓடுது.

— அண்ணே... ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஃபைலோட பேரை மாத்தி வச்சா? இப்ப... 'பாப்பா வீட்டுப்பாடம்'னு வச்சிட்டா?

— பேரை மாத்தினா உள்ளே இருக்கறது மாறுமா?

— அழிச்சிட்டா?

— குப்பைக்கூடையில கிடக்கும், அதையும் படிக்கும். குப்பையைக் காலி பண்ணினாலும் தினம் சாயங்காலம் சர்வர்ல ஒரு காப்பி ஏறிடுது. ஒரு பேச்சுக்குத்தானே கேக்கறே?

— ஆமா.

— ஒரு பேச்சுக்கு இப்படியா வேர்த்துக் கொட்டும்?

— கிண்டல் பண்ணாதீங்கண்ணே. எதுக்கு இது திடீர்னு?

— பழைய காண்ட்ராக்ட் எல்லாம் தேடணுமாம். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லச் சொன்னார்.

— சொல்லச் சொன்னாரா? அப்ப நிஜம் என்ன?

— கதவைச் சாத்து.

— சாத்தினா சந்தேகம் வரும். மெல்லப் பேசுங்க, போதும்.

— திங்கட்கிழமை சர்க்கார் லிஃப்ட் சோதனை ஆபீஸ்லருந்து மூணு பேர் வந்தாங்களே, சும்மா வரலை. நம்ம கம்பெனியைப் பத்தி ஒரு கடிதம் போயிருக்கு. போய்ப் பார்க்காத லிஃப்டுக்கெல்லாம் பார்த்ததா சர்டிபிகேட் கொடுக்கறோம்னு, கட்டிடம் கட்டிடமா விலாசத்தோட எழுதி. பேர் போடாத கடிதம்.

— யாரு... யாரு எழுதினதாம்?

— அதைத்தான் தேடறார். அந்த ஆபீஸ்லயே ஒரு புண்ணியவான் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து இவர் கையில கொடுத்துட்டான். இவர் அதுல ஒரு வரிக்குச் சிவப்புல அடிக்கோடு போட்டிருக்கார். நாலு மணிக்குக் கீழே வந்து, மெஷின் மெஷினா உக்காந்து, அந்த வரியை அவரே அடிச்சுத் தேடப் போறார்.

— இப்ப மணி...

— மூணே கால்.

— எந்த வரி?

— உனக்கு எதுக்கும்மா?

— எந்த வரிண்ணே!

— 'இரும்புக் கயிறு இழை இழையாகப் பிரிந்து நிற்கும்போது, நல்ல நிலையில் உள்ளது என்று தாளில் எழுதுவது கொலைக்குச் சமம்.' அந்தக் கொலைங்கற வார்த்தை அவரை நல்லாச் சுட்டிருச்சு.

— ஐயோ...

— தண்ணி குடி.

— ஐயோ அண்ணே, அது என் வரி. கடவுளே, அது நான் எழுதினது!

— சத்தம் போடாதே. முகத்தைத் துடை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிசப்ஷன் பொண்ணு பார்க்குது. சிரி.

— சிரிக்கவா?

— நான் ஏதோ ஜோக் சொன்னேன்னு நினைச்சுக்க. ம்... வேண்டாம், விடு. இதுக்கு நீ அழறதே தேவலை.

— ஆனா நான் அனுப்பலைண்ணே. என் ரெண்டு பிள்ளைங்க மேல சத்தியம். எழுதினேன், அவ்வளவுதான். அனுப்பவே இல்ல.

— எப்போ எழுதினே?

— அந்த ஆறு மாடிக் கட்டிடத்துல லிஃப்ட் அறுந்து விழுந்து, வீடு பெருக்கற அம்மாவுக்கு இடுப்பு ஒடிஞ்சுதே... அதுக்கு எட்டு நாள் முன்னாடிதான் நான் சர்டிபிகேட் அடிச்சேன். ஒருத்தரும் போய்ப் பார்க்கலை. மெக்கானிக் வண்டி அன்னிக்கு முழுக்க வாசல்லயே நின்னுச்சு. இந்த ஜன்னல் வழியா அதைப் பார்த்துக்கிட்டேதான் அடிச்சேன். அப்புறம் எனக்குச் சோறே இறங்கலைண்ணே. ஒருநாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போனப்ப உக்காந்து மனசுல இருந்ததைக் கொட்டிட்டேன். எனக்குத் தெரிஞ்ச இருபத்துமூணு கட்டிடத்தையும் எழுதினேன். பிரிண்ட்கூட எடுக்கலை. பயம். பேரை மாத்தி மூடிட்டேன்.

— அன்னிக்கே அழிச்சிருக்கலாமே.

— அழிக்க மனசு வரலை. அது இருந்தா என்னிக்காவது ஒருநாள் அனுப்பிடுவேன்னு ஒரு... உங்களுக்குச் சொன்னா புரியாது.

— புரியுது.

— அப்ப யார்ணே அனுப்பினது? என் மெஷின்ல யார் உக்காந்தது? அந்த ரிசப்ஷன் பொண்ணா? பியூனா? யாரா இருந்தாலும் நாசமாப் போக! அவங்க நல்லவங்க ஆகறதுக்கு என் தலைதானா கிடைச்சுது?

— மெல்லப் பேசு.

— போன வருஷம் பிரேக் தேஞ்சு போச்சுன்னு வாயைத் திறந்த மெக்கானிக்கை என்ன பண்ணினார், மறந்துட்டீங்களா? ரெண்டு கையிலயும் மாவுக்கட்டு. மாடிப்படியில தானா விழுந்தேன்னு அந்த மனுஷன் எழுதிக் கொடுத்ததையும் நான்தான் அடிச்சேன். கையெழுத்துப் போட முடியாம பெருவிரல் ரேகை வச்சார். அந்த விரல் நடுங்கினது இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

— நானும்தான் பார்த்தேன். பார்த்துட்டு சும்மா இருந்தேன்.

— இந்த மெஷின் மேல தண்ணியைக் கொட்டிடட்டுமா? கை தவறிடுச்சுன்னு சொல்லிடறேன்.

— பதினோரு மெஷின்ல ஒண்ணுல மட்டும் தண்ணி. அதுவும் இன்னிக்கு. நீயே போய் மாட்டிக்கற மாதிரி ஆகும்.

— அப்ப நீங்களே எடுத்துடுங்கண்ணே. உங்க கால்ல வேணா விழறேன். பட்டியல்லருந்து என் ஃபைலை மட்டும் ஒதுக்கிடுங்க.

— ஒதுக்க வழி இருக்கு. ஆனா எதை ஒதுக்கினோம்னு அதுவே ஒரு பக்கத்துல காட்டும். முதலாளியோட மச்சானுக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியும். இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. வேற எங்கயாவது காப்பி வச்சிருக்கியா? பென்டிரைவ்? மெயில்? வீட்ல?

— இல்ல.

— யோசிச்சுச் சொல்லு.

— இல்லைண்ணே.

— வீட்டுக்காரர்கிட்ட?

— அவருக்கே வேலை போய் வீட்ல உக்காந்திருக்கார். அவர்கிட்ட இதைப் போய்ச் சொல்வேனா? ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. உங்ககிட்டதான் முதல் தடவையா வாயைத் திறக்கறேன்.

— அது போதும். உன்னோடதுலயும் ஏத்தி முடிச்சாச்சு. இரு, போன் அடிக்குது... ஹலோ. சார்... ஆமா சார். பதினொண்ணும் ரெடி... இப்பவேவா? நாலு மணின்னு சொன்னீங்களே... சரி சார். இல்ல சார், யாருக்கும் தெரியாது. வாங்க சார்.

— வர்றாரா?

— மச்சானையும் கூட்டிக்கிட்டு மாடியிலருந்து இறங்கறார்.

— ஏன் ரெடின்னு சொன்னீங்க? பாவி மனுஷா! மெஷின் மக்கர் பண்ணுதுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா? என் பிள்ளைங்களை நான் இனிமே எப்படி...

— அந்த வரியை இங்கே அடி.

— என்னது?

— அவர் அடிக்கறதுக்கு முன்னாடி நீ அடிச்சுப் பாரு. எல்லா மெஷினையும் ஒரே தடவையில தேடற மாதிரி வச்சிருக்கேன். சீக்கிரம்.

— முழு வரியையும் அடிக்க நேரம் ஏதுண்ணே...

— முதல் மூணு வார்த்தை போதும்.

— இரும்புக்... கயிறு... இழை... வந்துடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் காட்டுது. அண்ணே, இது என் மெஷின் இல்லையே. 'சிஸ்டம் ரூம்'னு போட்டிருக்கு. இது... உங்க மெஷின்!

— ஆமா. உன்னோடதுல இப்ப இல்ல. சர்வர்லயும் எடுத்துட்டேன். காலையிலேயே.

— காலையிலேயேவா? அப்ப எதுக்கு என்னை இவ்வளவு நேரம் வறுத்தெடுத்தீங்க?

— வேற காப்பி இருக்கான்னு எனக்குத் தெரியணும். நேராக் கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பியா?

— அதுக்காக உங்க மெஷின்ல எதுக்கு வச்சீங்க? அழிச்சதோட விட வேண்டியதுதானே! பைத்தியமா உங்களுக்கு?

— எங்கயுமே கிடைக்கலைன்னா அவர் விடுவாரா? வெளியாளைக் கூட்டிட்டு வந்து, அழிச்சதையெல்லாம் தோண்டச் சொல்லுவார். அது உன்கிட்டதான் வந்து நிக்கும். ஒரு இடத்துல கிடைச்சிட்டா தேடறதை நிறுத்திடுவார்.

— கையை ஒடிச்சிடுவாங்கண்ணே! நான் எழுதினதுக்கு நீங்க எதுக்கு... படியில செருப்புச் சத்தம் கேக்குது. வேண்டாம்ணே, என் மெஷின்லயே திரும்பப் போட்டுடுங்க. எனக்காக நீங்க ஏன் சாகணும்? சொல்லுங்க, ஏன்?

— உனக்காக இல்லம்மா. போன மாசம் இந்த சாஃப்ட்வேர் எப்படி இருக்குன்னு சர்வர் காப்பியில நானா சோதிச்சுப் பார்த்தப்ப, எதையாவது தேடணுமேன்னு என் வீட்டு விலாசத்தை அடிச்சேன். உன் கடிதம் வந்து நின்னுச்சு. நீ எழுதின கட்டிடத்துல ஒன்பதாவது நாங்க குடியிருக்கறது. தினம் ரெண்டு வேளை அந்த லிஃப்ட்லதான் என் பொண்ணு ஸ்கூலுக்குப் போய் வர்றா. அன்னிக்கே பிரிண்ட் எடுத்துத் தபால்ல போட்டது நான்தான்... உன்னை ஒரு வார்த்தை கேக்காம போட்டேன், மன்னிச்சிடு தாயி. என்ன நடந்தாலும் இந்தப் பக்கம் திரும்பாதே, வந்துட்டாங்க.